நாள்கணக்கில் நிற்காத படபடப்பு... முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை!

வலையில் சிக்கிய மீன்போல நெஞ்சுக்குள் ஏதோ துள்ளுகிறது. ஒரு துடிப்பு வேகமாக, அடுத்தது மெதுவாக, நடுவில் ஒன்று விட்டுப்போனதுபோல... `கேஸ் பிடிச்சிருக்கும்' என்று சோடா வாங்கிக் குடிப்பார்கள். வீட்டில் பூண்டு சுட்டுத் தருவார்கள். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கும். மறுநாளும் நிற்காது.

காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம், எண்ணூர் என வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில் ஷிஃப்ட் வேலை, கடை வேலை, லோடு வேலை பார்ப்பவர்கள் ஏராளம். ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. அதனால், `ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கலாம்' என்று தள்ளிப்போடுவது சகஜம். காய்ச்சல், கால்வலிக்கு அது சரிப்பட்டு வரலாம். ஒழுங்கில்லாமல் துடிக்கும் இதயத்துக்குச் சரிப்படாது. ஏனென்றால், டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வி, `எப்போ ஆரம்பிச்சது?' என்பதுதான். அந்தப் பதிலை வைத்துதான் சிகிச்சையே மாறும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலது மேலறையில் இருக்கும் ஒரு சின்ன திசுத்தொகுப்பு மின்தூண்டலைக் கிளப்பிவிட, அது மேலிருந்து கீழே பரவி இதயம் சீராகத் துடிக்கிறது. ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்புகள் என்பது இயல்பு.

`ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனப்படும் பிரச்னையில் (டாக்டர்கள் சுருக்கமாக `ஏ.எஃப்' என்பார்கள்) மேலறைகளில் பல இடங்களிலிருந்து தாறுமாறாக மின்தூண்டல்கள் கிளம்பும். மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை வெறுமனே நடுங்கும். அவற்றில் சில மட்டும் கீழறைகளுக்குப் போய்ச் சேருவதால், நாடி வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். படபடப்பு, மூச்சுவாங்குவது, தலைசுற்றல், கொஞ்சம் நடந்தாலே அசதி எனப் பல விதங்களில் தெரியும். சிலருக்கு எதுவுமே தெரியாது. வேறு காரணத்துக்காக இ.சி.ஜி எடுக்கும்போதுதான் அகப்படும்.

எல்லா படபடப்பும் ஏ.எஃப் கிடையாது. அவ்வப்போது ஒரு துடிப்பு விட்டுப்போவதுபோலத் தோன்றுவது பலருக்கும் வரும். பெரும்பாலும் ஆபத்தில்லாதது. திடீரென ஸ்விட்ச் போட்டதுபோல ஆரம்பித்து, வேகமாக ஆனால் சீராகத் துடித்து, திடீரென நிற்பது வேறு வகை. எது என்று சொல்ல இ.சி.ஜி வேண்டும். அதுவும் படபடப்பு இருக்கும்போதே எடுக்க வேண்டும். எல்லாம் அடங்கிய பிறகு எடுத்தால் `நார்மல்' என்றுதான் வரும்.

ஏ.எஃப் 7 நாள்களுக்குள் தானாக அடங்கினால் அது வந்துபோகும் வகை. 7 நாள்களைத் தாண்டினால் தொடரும் வகை. ஒரு வருடத்தையும் தாண்டினால் நீண்டகால வகை. `இனி இதோடுதான் இருக்கப்போகிறோம்' என்று டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுத்தால் அது நிரந்தர வகை.

பயம் ஒன்று... ஆபத்து வேறொன்று!

படபடப்பு நிற்காதபோது எல்லோருக்கும் வரும் பயம், `ஹார்ட் நின்னுடுமோ?' என்பதுதான். ஆனால், ஏ.எஃப்-ல் அதிகம் பயப்பட வேண்டியது மூளைக்காக.

மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால், அங்கே ரத்தம் தேங்கும். இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல்போல ஒரு சின்ன பை இருக்கிறது. தேங்கும் ரத்தம் பெரும்பாலும் அங்கேதான் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மூளையின் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வின்படி, ஏ.எஃப் உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு சுமார் 5 மடங்கு அதிகம். ருமாட்டிக் இதயநோயால் வால்வு பாதித்தவர்களுக்கு ஏ.எஃப்-ம் சேர்ந்தால் அது சுமார் 17 மடங்கு.

கடிகாரம் முக்கியமாவது இங்கேதான். ஒழுங்கற்ற துடிப்பை மருந்தாலோ, மயக்கம் கொடுத்துச் சின்ன மின் அதிர்ச்சியாலோ சீராக்க முடியும். ஆனால், உள்ளே ரத்தக்கட்டி இருக்கும் நேரத்தில் சீராக்கினால், மறுபடி சுருங்க ஆரம்பிக்கும் மேலறையே அந்தக் கட்டியை வெளியே தள்ளிவிடலாம். அதனால் ஏ.எஃப் ஆரம்பித்து 48 மணி நேரம் தாண்டிவிட்டால் உடனே சீராக்குவதில்லை. குறைந்தது 3 வாரம் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுத்துவிட்டுச் செய்வார்கள். அல்லது உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து, கட்டி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு செய்வார்கள். சீரான பிறகும் குறைந்தது 4 வாரம் மாத்திரை தொடரும். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த 48 மணி நேரத்தை 24 மணி நேரமாகக் குறைத்திருக்கிறது.

ஆக, படபடப்பு ஆரம்பித்த நேரத்தை மொபைலில் குறித்துவைப்பது பெரிய உதவி. `நேத்து சாயங்காலம் 6 மணிக்கு' என்பதற்கும், `ரெண்டு மூணு நாளா இருக்கும்னு நினைக்கிறேன்' என்பதற்கும் சிகிச்சையில் பெரிய வித்தியாசம் உண்டு.

சீக்கிரம் போனால் உடனே ஷாக் கொடுத்துவிடுவார்களோ என்றும் பயப்பட வேண்டாம். நெதர்லாந்தில் 437 பேரிடம் நடந்து, 2019-ல் வெளியான ஆய்வில், புதிதாக ஏ.எஃப் ஆரம்பித்து மற்றபடி நிலையாக இருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு வேகத்தைக் குறைக்கும் மருந்து மட்டும் கொடுத்துக் காத்திருந்தார்கள். அவர்களில் 69 சதவிகிதம் பேருக்கு 48 மணி நேரத்துக்குள் தானாகவே சீரானது. காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான். ஆனால், அது டாக்டரின் கண்பார்வையில் காத்திருப்பது!

நம் நாட்டில் ஏன் 55 வயதிலேயே?

மேலை நாடுகளில் ஏ.எஃப் என்றாலே 70 வயதை ஒட்டியவர்களின் நோய். இங்கே கதை வேறு. இந்திய இதயத்துடிப்பு சங்கம் 2011, 2012-ம் ஆண்டுகளில் 24 மருத்துவமனைகளில் 1,537 ஏ.எஃப் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டியது. அவர்களின் சராசரி வயது சுமார் 55. பாதிக்குச் சற்றே குறைவானவர்களுக்கு, அதாவது 47.6 சதவிகிதம் பேருக்கு, ருமாட்டிக் இதயநோய் இருந்தது.

இது சிறுவயதில் விதைக்கப்படும் நோய். 5 முதல் 15 வயதுக்குள் வரும் ஒருவகை பாக்டீரியா தொண்டைவலியைச் சரியாகக் குணப்படுத்தாமல் விட்டால், சில வாரங்களில் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வலியும் வீக்கமும் வரலாம். மூட்டுவலி போய்விடும். இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. வால்வு மெல்ல மெல்லச் சுருங்கி, இடது மேலறை வீங்கி, 30, 40 வயதில் ஏ.எஃப்-ல் கொண்டுவந்து விடும். பெண்களுக்கு இது அதிகம். பலருக்குக் கர்ப்பகாலத்தில்தான் முதன்முறையாகத் தெரியவரும்.

ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் நெருக்கடியான வீடுகளில் இந்தத் தொண்டைத்தொற்று எளிதாகப் பரவும். வடசென்னையின் லைன் வீடுகளையும் குறுகலான சந்துகளையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. குழந்தைக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் காட்டுவதும், எழுதித்தந்த மருந்தை முழு நாளும் கொடுப்பதும் 30 வருடங்களுக்குப் பிறகு வரப்போகும் ஏ.எஃப்-ஐத் தடுக்கும் வேலை. ருமாட்டிக் காய்ச்சல் ஏற்கெனவே வந்தவர்களுக்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியைத் தவறவிடக் கூடாது.

தூண்டிவிடுபவை எவை?

வால்வு தவிர, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரைநோய், உடல்பருமன், இதயத்தசை பலவீனம், தைராய்டு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக்கோளாறு ஆகியவையும் ஏ.எஃப்-ஐக் கொண்டுவரும். அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் சீனியருக்கு 1991 மே மாதம் ஜாகிங் செய்துகொண்டிருந்தபோது ஏ.எஃப் வந்தது. இதயத்தைத்தான் முதலில் சோதித்தார்கள். சில நாள்களில் தெரியவந்த காரணம், தைராய்டு அதிகமாகச் சுரப்பது! ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது.

மது முக்கியமான தூண்டுகோல். வார விடுமுறையில், பண்டிகை நாளில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு மறுநாள் படபடப்போடு வருவதற்கு, `ஹாலிடே ஹார்ட்' என்று 1978-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் குடிப்பழக்கமுள்ள 140 ஏ.எஃப் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. மதுவைக் கைவிடச் சொன்ன பிரிவில் 53 சதவிகிதம் பேருக்கு ஏ.எஃப் திரும்ப வந்தது. வழக்கம்போலக் குடித்தவர்களில் 73 சதவிகிதம் பேருக்கு வந்தது.

காற்றும் சும்மா இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில், உடலுக்குள் இதயக்கருவி பொருத்தப்பட்ட 176 பேரைக் கண்காணித்த ஆய்வு 2013-ல் வெளியானது. காற்றில் நுண்துகள் அதிகரித்த சில மணி நேரத்திலேயே ஏ.எஃப் வரும் வாய்ப்பு கூடியதை அது காட்டியது. ஆலைகளும் கன்டெய்னர் லாரிகளும் சூழ்ந்த மணலி, எண்ணூர், திருவொற்றியூர் மக்கள் கவனிக்க வேண்டிய தகவல் இது. புகையும் தூசியும் அதிகமாக இருக்கும் நேரத்தில் வாக்கிங் போவதைத் தள்ளிவைக்கலாம்.

மாத்திரை... பக்கத்து வீட்டுக்காரருடையது உங்களுக்கு ஆகாது!

தொடரும் ஏ.எஃப்-க்கு டாக்டர்கள் மூன்று வேலைகளைச் செய்வார்கள். முதலாவது, ரத்தம் உறைவதைத் தடுப்பது. இரண்டாவது, நாடியின் வேகத்தைக் குறைப்பது. மூன்றாவது, முடிந்தால் துடிப்பைச் சீராக்குவது.

முதல் வேலைக்குப் பழைய மருந்து வார்ஃபரின். நம் ஊரில் அதே குடும்பத்தைச் சேர்ந்த அசெனோகூமரால் மாத்திரையும் அதிகம் தரப்படுகிறது. கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து இறந்ததை அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆராய்ந்தபோது பிறந்தது வார்ஃபரின். முதலில் எலி மருந்தாக விற்கப்பட்டு, 1950-களில் மனிதர்களுக்கான மருந்தானது. இன்று டேபிகட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் என்று புதிய மாத்திரைகளும் இருக்கின்றன. இவற்றுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை.

`அப்போ எல்லாரும் புது மாத்திரைக்கு மாறிடலாமே?' என்றால், முடியாது. ருமாட்டிக் இதயநோயோடு ஏ.எஃப் உள்ள 4,531 பேரிடம் 24 நாடுகளில் நடந்த `இன்விக்டஸ்' ஆய்வு 2022-ல் வெளியானது. இதன் தலைமைக் குழுவில் இந்திய இதயநோய் நிபுணர் கணேசன் கார்த்திகேயனும் ஒருவர். ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிட, வார்ஃபரின் வகை மாத்திரை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. எனவே, மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இன்றும் பழைய மருந்துதான். `அவருக்கும் ஏ.எஃப்தான், அவர் இதைத்தான் சாப்பிடறார்' என்று மாத்திரையை மாற்றுவது உயிரோடு விளையாடுவது.

வார்ஃபரின் வகை எடுப்பவர்கள் `ஐ.என்.ஆர்' என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். ஏ.எஃப்-க்குப் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் கட்டி. முருங்கைக்கீரை, பசலைக்கீரை போன்றவற்றில் இருக்கும் வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையையே ஒதுக்க வேண்டாம். வாரம் எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ, அதே அளவைத் தொடர்ந்தால் போதும். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்றால்தான் சிக்கல். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த மருந்து கருவைப் பாதிக்கலாம்.

எந்த வகை மாத்திரையாக இருந்தாலும் இவை பொதுவானவை:

* மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவை ரத்தக்கசிவைக் கூட்டும். நாட்டு மருந்து, லேகியம் எடுப்பதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.
* கிளினிக்கில் `ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்' என்று கேட்கும் பழக்கத்தை விடுங்கள். தசையில் போடும் ஊசியால் உள்ளே ரத்தம் கட்டலாம்.
* பல் பிடுங்குவதற்கு முன் இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். டெங்குவில் தட்டணுக்கள் குறையும்போது இந்த மாத்திரை ஆபத்தாகலாம். தொடர்வதா, நிறுத்துவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.
* விரதம், நோன்பு என்று மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். எந்த வேளைக்கு மாற்றலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.
* படபடப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தவே கூடாது. 65 வயதைத் தாண்டியவர்கள், பி.பி, சுகர், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் போன்றோருக்குத் துடிப்பு சீரான பிறகும் கட்டி உருவாகும் வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கும்.

சீராக்கியே தீர வேண்டுமா?

அவசியமில்லை. 4,060 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான `அஃபர்ம்' ஆய்வில், துடிப்பைச் சீராக்க முயன்றவர்களுக்கும், வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தியவர்களுக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஓய்வில் நாடி 110-க்குக் கீழே இருந்தாலே பலருக்குப் போதும் என்று 2010-ல் இன்னோர் ஆய்வு சொன்னது. அதேநேரம், நோய் கண்டறிந்த ஒரு வருடத்துக்குள் சீராக்கும் சிகிச்சையைத் தொடங்கினால் பக்கவாதமும் இதயச் செயலிழப்பு பாதிப்பும் குறைவதாக 2020-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. மருந்துக்கு அடங்காதவர்களுக்கு, தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பியைச் செலுத்தி, தவறான மின்தூண்டல் கிளம்பும் இடத்தைத் தனிமைப்படுத்தும் `அப்லேஷன்' சிகிச்சை உண்டு. ஏ.எஃப் எவ்வளவு நாள் நீடித்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் பலன் குறையும். இங்கேயும் காலம்தான் கணக்கு.

சீராகாவிட்டாலும் வாழ்க்கை நின்றுவிடாது. ஜோ பைடன் ஏ.எஃப்-ஐ வைத்துக்கொண்டு, அபிக்ஸபான் மாத்திரையும் எடுத்துக்கொண்டுதான் அமெரிக்க அதிபராக இருந்தார்.

வீட்டில் ஒவ்வொரு நாளும்...

நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒழுங்கில்லாத நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாக வரும். பி.பி மெஷினும் ஏ.எஃப்-ல் ஒவ்வொரு முறை ஒவ்வொரு அளவு காட்டும். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். ஸ்மார்ட்வாட்ச் எச்சரித்தால் அலட்சியம் வேண்டாம். அதை மட்டும் நம்பி மாத்திரையும் வேண்டாம். இ.சி.ஜி எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி பிடித்துப் பார்ப்பது பதற்றத்தை ஏற்றும். பதற்றம் படபடப்பை ஏற்றும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை போதும். தேதி, நேரம், நாடி, பி.பி, என்ன செய்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இ.சி.ஜி, எக்கோ ரிப்போர்ட், மாத்திரைச்சீட்டு மூன்றையும் போட்டோ எடுத்து உங்கள் மொபைலிலும், வீட்டில் இன்னொருவர் மொபைலிலும் வைத்திருங்கள்.

ராத்திரிதான் பலருக்குக் கஷ்டம். சத்தம் அடங்கியதும் துடிப்பு காதுவரை கேட்கும். இடதுபக்கம் படுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வலதுபக்கம் திரும்பிப் படுக்கலாம், தலையணையைச் சற்று உயர்த்தலாம். லாரித் தண்ணீர்க் குடங்களை மாடிக்குத் தூக்குவது போன்ற வேலைகளை நாடி கட்டுக்குள் வரும்வரை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளட்டும். தலைசுற்றல் இருக்கும்போது வண்டி ஓட்டுவது, ஏணியில் ஏறுவது கூடாது. டாக்டர் அனுமதித்தால், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தினமும் நடக்கலாம்.

உடல் எடையைக் குறைப்பது மருந்துக்குச் சமமாக உதவும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உடல்பருமனுள்ள 355 ஏ.எஃப் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியான ஆய்வில், எடையில் 10 சதவிகிதத்துக்கு மேல் குறைத்தவர்கள் ஏ.எஃப் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு கூடியது. வந்துபோகும் ஏ.எஃப் உள்ள 49 பேரிடம் அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வில், 3 மாத யோகா பயிற்சி படபடப்பு வரும் தடவைகளையும் மனப்பதற்றத்தையும் குறைத்தது. மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு சேர்த்து!

குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை... `எல்லாம் உன் மனபிரமை' என்று மட்டும் சொல்லாதீர்கள். வெளியே தெரியாத நோய் இது. கூட உட்கார்ந்து நாடியை எண்ணிக் குறித்துத் தருவதே பெரிய ஆறுதல்.

எப்போது 108?

* முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ தூக்க முடியாமை, பேச்சு குழறல், திடீர் பார்வைக் குறைவு - இவை பக்கவாதத்தின் அடையாளங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதம் கூடாது.
* நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல்.
* மாத்திரை எடுப்பவருக்குத் தலையில் அடிபடுதல், கறுப்பாக மலம் போதல், ரத்த வாந்தி, நிற்காத ரத்தக்கசிவு.

இந்த அறிகுறிகள் இருந்தால் ஆட்டோ, பைக் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவசரமில்லாத செக்கப் என்றால், வடசென்னை மக்களுக்குப் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவு உண்டு. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் சென்ட்ரலில் இறங்கி, எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச்சென்று, எந்தெந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் 65 வயதைத் தாண்டிய அப்பா, அம்மா இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். சீராக இருந்தால் சந்தோஷம். தாளம் தப்பினால், மணியைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்.